"மைல்ட் அட்டாக்தானே?" மாரடைப்புக்குப் பிறகு டெல்டா குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

இருதய வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மன்னார்குடி, பாபநாசம், சீர்காழி, வேதாரண்யம் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மகனும் மருமகளும் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். டாக்டரிடம் கேட்க நேரம் இருக்காது. நேரம் கிடைத்தால் தைரியம் வராது. அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். இது பொது விளக்கம்தான். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் வேலை.

சீட்டில் 'எஸ்டெமி' என்று இருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 'என்ஸ்டெமி'. என்ன வித்தியாசம்?

இரண்டும் மாரடைப்புதான். இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கொரோனரி குழாயின் உள்சுவரில் கொழுப்புத் திட்டு படிந்திருக்கும். அது ஒரு நாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகும். கட்டி குழாயை முழுசாக அடைத்துவிட்டால், ஈசிஜியில் 'எஸ்டி' என்கிற பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். அது எஸ்டெமி. முழுசாக அடைக்காமல் கொஞ்சம் ரத்தம் கசிந்து போய்க்கொண்டிருந்தால் எஸ்டி தூக்காது. கீழே இறங்கியிருக்கலாம், சிலருக்கு ஈசிஜி சாதாரணமாகவே இருக்கும். ஆனால் இருதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருக்கும். அது என்ஸ்டெமி. ட்ரோபோனினும் ஏறவில்லை, வலி மட்டும் வந்து வந்து போகிறது என்றால் அதற்குப் பெயர் அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். எஸ்டெமியில் மதகே அடைத்துக்கொண்டது; அந்த வாய்க்காலை நம்பியிருக்கும் வயல் மொத்தமும் காயும். என்ஸ்டெமியில் மதகு கால்வாசி திறந்திருக்கிறது. தலைமடைக்குத் தண்ணீர் எட்டும், கடைமடைக்கு எட்டாது. இருதயச் சுவரில் கடைமடை என்பது உள்பக்கத்து அடுக்கு. குழாய்கள் வெளிப்பக்கமாக ஓடி உள்ளே இறங்குவதால், தட்டுப்பாடு வந்தால் முதலில் காய்வது அந்த அடுக்குதான்.

இன்னொன்றும் உண்டு. என்ஸ்டெமி என்று எழுதியிருந்தாலும் சிலருக்குக் குழாய் முழுசாகவே அடைத்திருக்கும், குறிப்பாக இருதயத்தின் பின்சுவருக்குப் போகும் குழாய். வழக்கமான ஈசிஜி அந்தப் பக்கத்தை நேராகப் பார்ப்பதில்லை. அதனால்தான் சில நேரம் முதுகுப் பக்கமும் பட்டன் ஒட்டி இன்னொரு ஈசிஜி எடுப்பார்கள். "எத்தனை தடவைதான் எடுப்பீங்க" என்று கோபப்படாதீர்கள்.

"மைல்ட் அட்டாக்தான், பயப்படாதீங்க" என்றார்கள். அப்படியானால் ஆபத்து இல்லைதானே?

எனக்குப் பிடிக்காத வார்த்தை இது. என்ஸ்டெமியைத்தான் பெரும்பாலும் மைல்ட் அட்டாக் என்கிறார்கள். குடும்பத்தைத் தேற்றச் சொல்கிறார்கள், நோக்கம் நல்லதுதான். ஆனால் வீட்டுக்குப் போனதும் அந்த வார்த்தை மாத்திரையை நிறுத்த ஒரு சாக்காகிவிடுகிறது.

முதல் மாதத்தை மட்டும் பார்த்தால் அந்த வார்த்தையில் கொஞ்சம் உண்மை உண்டு. இந்தியாவின் 50 ஊர்களில், 89 மருத்துவமனைகளில், 20,468 நோயாளிகளைத் தொடர்ந்த 'கிரியேட்' பதிவேட்டு ஆய்வு 2008-இல் வெளியானது. அதில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் எஸ்டெமியில் 8.6 சதவீதம், என்ஸ்டெமியும் ஆஞ்சைனாவும் சேர்ந்த பிரிவில் 3.7 சதவீதம். பாதிக்கும் குறைவு.

கதை அதற்கப்புறம் மாறுகிறது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போகப் போக இரண்டு வகையிலும் இறப்புக் கணக்கு நெருங்கி வரும். பல நாடுகளின் பதிவேடுகளில் சில இடத்தில் என்ஸ்டெமிக்காரர்களின் இறப்பே அதிகமாகத் தெரிகிறது. காரணம் அந்த அட்டாக்கின் தன்மையைவிட, அது யாருக்கு வருகிறது என்பதில் இருக்கிறது. எஸ்டெமி ஐம்பது வயதுக்காரருக்கு ஒரே குழாயில் திடீரென்று வரும். என்ஸ்டெமி பெரும்பாலும் வயதானவர்களுக்கு, பல வருஷ சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு, சிறுநீரகம் சோர்ந்தவர்களுக்கு வரும். மூன்று குழாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பு இருக்கும். இன்றைக்குத் தப்பித்தது ஒரு திட்டில். மிச்சத் திட்டுகள் உள்ளேயே இருக்கின்றன.

இரண்டு பேர் எனக்கு மறக்கவில்லை. நாற்பத்தைந்து வயது, நெல் அறுவடை மிஷின் ஓட்டுபவர், எஸ்டெமி. ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி, மறுநாள் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட். அடுத்த வருஷம் செக்கப்புக்கு தன் பைக்கிலேயே வந்தார். பக்கத்துப் படுக்கையில் எழுபத்திரண்டு வயது அம்மா, என்ஸ்டெமி, இருபது வருஷ சர்க்கரை. ஐந்தாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவர், எட்டு மாதத்தில் மூச்சுத் திணறலோடு திரும்பி வந்தார். அப்புறம் போகவில்லை.

சீட்டில் உள்ள வகைப் பெயர் முதல் சில நாட்களைப் பற்றிச் சொல்லும். மிச்ச வருஷங்களைத் தெரிந்துகொள்ள அதே சீட்டில் வேறு வரிகளைப் படிக்க வேண்டும்.

எந்த வரிகள்? எதை வைத்து 'ரிஸ்க் அதிகம்' என்கிறார்கள்?

'கிரேஸ்' என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. அது எட்டு விஷயத்தைக் கேட்கும்: வயது, நாடித் துடிப்பு, மேல் பிரஷர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இருதயம் எவ்வளவு திணறுகிறது, வந்தபோது இருதயம் நின்று போயிருந்ததா, ஈசிஜியில் எஸ்டி மாற்றம் உண்டா, ட்ரோபோனின் ஏறியிருக்கிறதா. கூட்டினால் 140-ஐத் தாண்டுகிறவரை, என்ஸ்டெமியாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்கு, அதாவது குழாயில் அடைப்பைப் படம் எடுத்துப் பார்க்க, அனுப்பச் சொல்வது வழக்கம்.

அந்த எட்டில் கொலஸ்ட்ரால் இல்லை, புகை இல்லை, சர்க்கரையும் இல்லை, கவனித்தீர்களா? அவைதான் ஆளை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்தவை. ஆனால் அன்றைய ராத்திரி பிழைப்பாரா என்பதைச் சொல்வது பிரஷரும் துடிப்பும் கிரியாட்டினினும்தான். டிஸ்சார்ஜ் ஆனதும் அந்தப் பழைய மூன்றும் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். இரண்டாவது அட்டாக்கின் கதை அங்கே இருக்கிறது.

இருதயம் திணறுவதை 'கில்லிப்' என்று நான்கு படியாக எழுதுவார்கள். நெஞ்சில் சளிச்சத்தம் இல்லை என்றால் ஒன்று. நுரையீரலின் அடிப்பாகத்தில் நறநறவென்று சத்தம் கேட்டால் இரண்டு. நுரையீரல் முழுக்க நீர் கோத்துக்கொண்டால் மூன்று. பிரஷர் விழுந்து கை கால் சில்லிட்டால் நான்கு. 1967-இல் 250 நோயாளிகளை வைத்து இதை எழுதியபோது, இறந்தவர்கள் முறையே 6, 17, 38, 81 சதவீதம். அப்போது கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஸ்டென்ட்டோ நடைமுறையில் இல்லை. இன்றைக்கு எல்லா எண்ணும் இறங்கிவிட்டது. ஆனால் படி ஏற ஏற ஆபத்து ஏறுவது அப்படியேதான் இருக்கிறது. நாலாம் படிக்காரர்களில், அவசர ஆஞ்சியோ செய்தும், ஏறத்தாழ பாதிப் பேரை இழக்கிறோம். ஸ்டெதஸ்கோப் ஒன்றே போதும் இதைக் கண்டுபிடிக்க. பெரிய மிஷின் எதுவும் வேண்டாம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

"பம்பிங் 35 பர்சன்ட்" என்கிறார்கள். அப்படியானால் 65 பர்சன்ட் போய்விட்டதா?

இல்லை. எல்லோரும் பயப்படும் எண் இது, பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். இடது அறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதே பம்பிங். நல்ல இருதயமே நூறு சதவீதம் தள்ளாது. 50 முதல் 70 வரை இருந்தால் நார்மல். 40-க்கும் கீழே போனால் பலவீனம் என்று வைத்து மருந்து கொடுப்பார்கள்.

முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்த எக்கோவை, அதாவது இருதய ஸ்கேனை, வைத்து முடிவுக்கு வராதீர்கள். ரத்தம் நின்று திரும்பி வந்த தசை கொஞ்ச நாள் திகைத்துப்போய் நிற்கும். செத்துப்போனது வேறு, திகைத்து நிற்பது வேறு. ஒன்றரை மாதம், மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுத்தால் 35 என்பது 45 ஆனதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறாமல் நின்றதையும் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் குழாய் திறந்ததா, மருந்து ஒழுங்காகப் போனதா என்பது இதில் பெரும்பங்கு. ராமிப்ரில் வகை, மெட்டோப்ரோலால் வகை, ஸ்பைரோனோலாக்டோன் வகை, இப்போது டபாகிளிப்ளோசின் வகை என்று நாலு விதமான மாத்திரை எழுதுவது பம்பிங்கைத் தூக்கி நிறுத்தத்தான். "எனக்குத்தான் பிரஷர் இல்லையே, எதுக்கு பிரஷர் மாத்திரை?" என்று அதை நிறுத்திவிட்டு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

அவ்வளவு மருந்துக்கும் பிறகு 35-க்குக் கீழேயே நின்றால், திடீரென்று துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும் அபாயம் இருக்கிறது. அதைத் தடுக்க நெஞ்சில் வைக்கும் ஐசிடி என்ற கருவியைப் பற்றிப் பேசுவார்கள். அட்டாக் முடிந்து குறைந்தது 40 நாள், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்திருந்தால் மூன்று மாதம் ஆனபின்தான் அந்த முடிவு எடுப்பது வழக்கம்.

வீட்டில் பார்க்க வேண்டியது எளிது. காலையில் எழுந்து சிறுநீர் போனபின் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், கால் வீங்கினால், ராத்திரி தலையணையை உயர்த்தினால்தான் படுக்க முடிகிறது என்றால் போன் செய்யுங்கள், அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடாம் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்களிடம் கருவாட்டை விடச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கும் தெரியும்.

'முன்சுவர்', 'கீழ்ச்சுவர்' என்று எழுதியிருக்கிறதே?

சீட்டில் ஏ.டபிள்யூ.எம்.ஐ என்றால் முன்சுவர், ஐ.டபிள்யூ.எம்.ஐ என்றால் கீழ்ச்சுவர். முன்சுவருக்குப் போகும் குழாய் பெரிய பரப்புக்கு ரத்தம் தருவது. அதனால் அங்கே வரும் அட்டாக்கில் பம்பிங் அதிகம் விழும், பின்விளைவும் பொதுவாக மோசம். கீழ்ச்சுவர் ஒப்பிடுகையில் தேவலை. ஆனால் அதற்கும் தனிச் சேட்டை உண்டு: துடிப்பு மிகவும் குறைந்து தற்காலிக பேஸ்மேக்கர் வைக்க நேரலாம், வலது அறையும் சேர்ந்து அடிபட்டிருந்தால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை பிரஷரைத் தடாலென்று இறக்கிவிடும். ஈசிஜி பார்க்காமல் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மாத்திரையை வாங்கி நாக்குக்கடியில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு அந்தப் பக்கம். ஊசி போடுவதா, நேராகப் பெரிய ஊருக்கு ஆஞ்சியோவுக்கு ஓடுவதா?

எஸ்டெமியில் மட்டும்தான் இந்தக் கேள்வி. என்ஸ்டெமியில் கட்டி கரைக்கும் ஊசி கிடையாது. அது நன்மையைவிடக் கெடுதலே செய்யும்.

ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் பக்கத்தில் இருந்து, ஈசிஜியில் எஸ்டெமி தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பைப் பலூனால் திறக்க முடியும் என்றால் நேரடி ஆஞ்சியோபிளாஸ்டிதான் சிறந்தது. முடியாது என்றால் முதலில் ஊசி, அப்புறம் பயணம். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். திருத்துறைப்பூண்டி கேட், மன்னார்குடி கடைத்தெரு, ஐப்பசி மழையில் குண்டும் குழியுமான ரோடு என்று எல்லாம் கணக்கு போட்டால் அந்த 120 நிமிடம் வழியிலேயே கரைந்துவிடும். போய்ச் சேர்ந்தபின் லேப் தயாராக வேண்டிய நேரம் வேறு இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு, பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டுவிட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய இடத்தில் ஆஞ்சியோ செய்வதுதான் நல்ல வழி. ஊசி வேலை செய்யவில்லை, வலியும் எஸ்டியும் இறங்கவில்லை என்றால் காத்திருக்காமல் உடனே ஆஞ்சியோ.

இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு ஆம்புலன்ஸும் ஈசிஜியும் வைத்து இணைத்து, 2,420 எஸ்டெமி நோயாளிகளைப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. இணைப்பதற்கு முன் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம்; இணைத்தபின் 14.2. புது மருந்து எதுவும் இல்லை. இருந்ததையே ஒழுங்காகக் கோர்த்ததற்குக் கிடைத்த பலன் அது.

2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றும் முதல் டோஸாகக் கொடுத்து அனுப்ப ஏற்பாடு இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். ஆஸ்பிரின் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1988-இல் வெளியான, 17,187 நோயாளிகள் கொண்ட 'ஐசிஸ்-2' ஆய்வில் ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரத்து இறப்பில் கால்வாசியைக் குறைத்தது; கரைக்கும் ஊசியும் சேர்ந்தபோது 42 சதவீதம் குறைந்தது.

'கேஸ்' என்று நினைத்து நேரத்தை விட்டுவிட்டோம். எங்கள் தப்புதானா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். டெல்டாவில் நெஞ்சில் எது வந்தாலும் முதல் பெயர் கேஸ்தான். ஓமத் தண்ணீர், சோடா, பெருங்காயம், மெடிக்கல் ஷாப் கேஸ் மாத்திரை, அப்புறம் "விடிஞ்சு பார்க்கலாம்". இந்த நாலு படியையும் தாண்டித்தான் ஆட்டோ கிளம்பும். நாம் மட்டும் அல்ல. கிரியேட் ஆய்விலேயே எஸ்டெமிக்காரர்கள் வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம். ஆறு மணி நேரம்.

அந்த ஆறு மணி நேரத்தின் விலை என்ன? 1996-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இது: வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் ஆயிரம் பேருக்குக் கரைக்கும் ஊசி போட்டால் கூடுதலாக 65 உயிர் பிழைக்கும். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் போட்டால் 26 மட்டும். அதே ஊசிதான், அதே கைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நெஞ்சின் நடுவில் பாரம், அழுத்தம், எரிச்சல்; அது தோள், தாடை, இடது கை அல்லது இரண்டு கைக்கும் பரவுவது; கூடவே குளிர் வேர்வை, வாந்தி; இருபது நிமிடம் தாண்டியும் விடாதது. இது பாடப்புத்தகம். நிஜத்தில் சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குதல் மட்டும் வரும். பெண்களுக்கு "ஒரு மாதிரி இருக்கு, கிறுகிறுப்பா இருக்கு, முதுகு வலிக்குது" என்பதோடு நின்றுவிடும். நடவு வயலில் காலை முழுக்கக் குனிந்து நின்ற அம்மா முதுகு வலிக்கிறது என்றால் யார்தான் இருதயத்தை நினைப்பார்கள்? அதனால் என் விதி ஒன்றுதான்: நாற்பது வயதைத் தாண்டியவர், தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவில் புதிதாக ஒரு தொந்தரவு, கூடவே வேர்வை என்றால் முதலில் ஈசிஜி, அப்புறம் ஓமத் தண்ணீர்.

முதல் ஈசிஜி நார்மல் என்றாலும் வலி இருந்தால் அங்கேயே உட்காருங்கள். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். வழியில் இருதயம் நின்றால் ஷாக் கொடுக்க பைக்கில் எதுவும் இல்லை.

மலிவு ஊசி, விலை கூடிய ஊசி என்கிறார்களே, விளைவு வேறுபடுமா?

கொஞ்சம். ஸ்ட்ரெப்டோகைனேஸை முக்கால் மணி, ஒரு மணி நேரம் சொட்டாக ஏற்ற வேண்டும், பிரஷர் இறங்கலாம், ஒருமுறை போட்டவருக்கு மறுபடி போடுவதைத் தவிர்ப்பார்கள். டெனெக்டெப்ளேஸ் எடைக்குத் தக்க ஒரே ஊசி, குழாயும் கூடுதலாகத் திறக்கும். ஆனால் பத்தாவது மணி நேரத்தில் கிடைக்கும் விலை கூடிய ஊசியைவிட இரண்டாவது மணி நேரத்தில் கிடைக்கும் மலிவு ஊசி மேல். பணம் புரட்டுவதற்காக நேரத்தை விடாதீர்கள்.

அடைப்பு மூன்று குழாயில். ஒன்றுக்குத்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். மிச்சம்?

அட்டாக்குக்குக் காரணமான குழாயை முதலில் திறப்பார்கள். மிச்சத்தில் பெரிய அடைப்பு இருந்தால் சில நாளிலோ சில வாரத்திலோ அதையும் சரிசெய்வது நல்லது. 2019-இல் வெளியான, 4,041 எஸ்டெமி நோயாளிகள் கொண்ட 'கம்ப்ளீட்' ஆய்வில், எல்லாவற்றையும் சரிசெய்தவர்களில் இருதய மரணமோ மறு அட்டாக்கோ வந்தது 7.8 சதவீதம், ஒன்றோடு நிறுத்தியவர்களில் 10.5. சர்க்கரைக்காரருக்கு மூன்று குழாயும் கெட்டிருந்தால் பைபாஸ் நல்லது என்பார்கள். அதைக் கேட்டு மிரள வேண்டாம்.

நேர்மாறான ஒன்றும் உண்டு. அட்டாக் வந்து நாலு நாள் கழித்து வருகிறார், வலி இல்லை, நன்றாக இருக்கிறார், குழாய் முழுசாக அடைத்திருக்கிறது. அதைத் திறந்தால் நல்லதுதானே? 2006-இல் வெளியான 'ஓட்' ஆய்வு அப்படிப்பட்ட 2,166 பேரைப் பார்த்து, திறந்ததால் பெரிய லாபம் இல்லை என்றது. காய்ந்த பயிருக்கு விட்ட தண்ணீர்.

ஆஞ்சியோவில் அடைப்பே இல்லையாம். அப்போ அட்டாக்கே இல்லையா?

இருந்திருக்கலாம். நூற்றில் ஐந்தாறு மாரடைப்புகளில் பெரிய அடைப்பு தெரியாது. குழாய் இழுத்துப் பிடித்திருக்கலாம், கட்டி தானாகக் கரைந்திருக்கலாம், இருதயத் தசையில் அழற்சி இருக்கலாம். பெரிய துக்கத்துக்குப் பிறகு இருதயம் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும் 'டகோட்சுபோ' என்ற நிலையும் உண்டு. கணவனை இழந்த பதினாறு நாளுக்குள் வந்து சேர்ந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் தேட எம்ஆர்ஐ வரை போகலாம். "ஒண்ணும் இல்லை" என்று மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம்.

'டைப் 2' என்று எழுதியிருந்தால் அது வேறு கதை. கடுமையான ரத்தசோகை, ரத்தத்தில் கிருமி, ஓயாத வேகத் துடிப்பு இவற்றால் இருதயத்துக்கு வேண்டிய ரத்தம் போதாமல் போனது. அங்கே பிழைப்பது அதற்குக் காரணமான நோயைப் பொறுத்தது. ஸ்டென்ட் பெரும்பாலும் தேவைப்படாது.

ஆறு மாதமாக நன்றாக இருக்கிறார். மாத்திரையைக் குறைக்கலாமா?

ஸ்டென்ட் வைத்த முதல் வருஷத்தில் ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட்டுக்குள் கட்டி உறைந்தால் வருவது முழு எஸ்டெமி, அதுவும் மோசமான வகை. பல் பிடுங்க வேண்டும், கண்புரை ஆபரேஷன் என்றால் முதலில் இருதய டாக்டரிடம் கேளுங்கள். ரத்தக் கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு டாக்டரே சீக்கிரம் குறைப்பார், அது வேறு.

கொலஸ்ட்ரால் மாத்திரை ரிப்போர்ட்டுக்காக அல்ல. "நார்மல்னு வந்துருச்சு, நிறுத்திட்டேன்" என்பார்கள். நார்மல் வந்ததே மாத்திரையால்தான். அட்டாக் வந்தவருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் நார்மல் அவருக்கானது அல்ல. சர்க்கரை, பிரஷர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. மற்றவை தீரும் முன்பே வாங்கிவையுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மறுவாரம் வார்டு நிறைவது சாப்பாட்டால் மட்டும் அல்ல, தீர்ந்துபோன அட்டையாலும்தான் என்பது என் சொந்தக் கணிப்பு.

வெற்றிலை பாக்கு போடலாமா?

வெற்றிலை உங்கள் விருப்பம். கூடவே மடிக்கும் புகையிலைதான் பிரச்சினை. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், மெல்லும் புகையிலை மாரடைப்பு அபாயத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியது தெரிந்தது. அதே ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59. பீடி, சிகரெட்டை அட்டாக்குக்குப் பிறகு அடியோடு விட்டவர்களின் இறப்பு, விடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. அவ்வளவு பலன் தரும் மாத்திரை கடையில் கிடையாது. குறைப்பது கணக்கில் வராது. "ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு" என்பவர்கள் என்னிடம் அந்த இரண்டைப் பற்றி மட்டும்தான் சொல்வார்கள்.

எப்போது வயலுக்குப் போகலாம்? கடலுக்கு?

சிக்கல் இல்லாத அட்டாக், பம்பிங் நன்றாக இருக்கிறது என்றால் முதல் வாரத்திலேயே வீட்டுக்குள் நடை, அப்புறம் தெரு, அப்புறம் கடைத்தெரு என்று நாளுக்கு நாள் கூட்டலாம். படுக்கையிலேயே வைத்துப் பாதுகாப்பது பழைய பழக்கம். அண்டை வெட்டுவது, நெல் மூட்டை தூக்குவது, நாற்று முடி சுமப்பது இதெல்லாம் ஒன்றரை இரண்டு மாதம் கழித்து, டாக்டர் பார்த்து, முடிந்தால் டிரெட்மில் செய்தபின். ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மூன்றாம் வாரமே மண்வெட்டியைத் தூக்கினவர் உண்டு. ஒரு போகம் போனால் போகட்டும்.

பல நாள் தங்கி மீன் பிடிக்கும் விசைப்படகு வேறு மாதிரி. அங்கே ஈசிஜி இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. பம்பிங் 40-க்குக் கீழே இருப்பவர் அன்றைக்கே கரை திரும்பும் வேலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கும் பதில்: இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை. நாக்குக்கடி மாத்திரை எடுப்பவர் வீரிய மாத்திரை சேர்த்து எடுக்கக் கூடாது, உயிர் போகும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, தூங்குவதில்லை.

இதை "பயம், சரியாயிடும்" என்று விடாதீர்கள். அட்டாக்குக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்களின் இறப்பு கூடுகிறது என்பது 1990-களிலிருந்தே தெரிந்த விஷயம். சோர்ந்தவர் மாத்திரை போட மாட்டார், நடக்க மாட்டார். இரண்டு வாரத்தைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

பணம் இல்லாதவருக்கு முடிவு வேறாகிறதா?

ஆகிறது. கிரியேட் ஆய்வில் ஏழை நோயாளிகளில் 30 நாளில் இறந்தவர்கள் 8.2 சதவீதம், வசதியானவர்களில் 5.5. கிடைத்த சிகிச்சையைச் சமமாக்கிக் கணக்கிட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. ஏழையின் இருதயம் ஒன்றும் மட்டமானது இல்லை. மருந்தும் ஆஞ்சியோவும் அவருக்குக் குறைவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஸ்டென்ட்டும் பைபாஸும் அதில் வரும். அட்டை எடுக்க அட்டாக் வரும் வரை காத்திருக்காதீர்கள். ஐசியு வாசலில் நின்றுகொண்டு விஏஓ கையெழுத்துக்கு ஆள் அனுப்பிய குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பழைய ஈசிஜியைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. ஒருமுறை அட்டாக் வந்த ஈசிஜி பழையபடி ஆகாமலே இருக்கலாம். அடுத்த முறை வலி வரும்போது, தெரிவது புது மாற்றமா பழைய தழும்பா என்று டாக்டர் பார்க்க வேண்டும். அந்தத் தாள் வெயிலில் மங்கிப்போகும். அதனால் டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோ ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு நாலையும் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருக்கும் மகன் போனில் மட்டும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எடுக்க மாட்டார்.